15-ம் 26-ம்: ரால்ஃப் நேடரின் முதல் அத்தியாயத்தை டயர் வழியாக வாசித்தல்

கார் பைத்தியங்களில் ரெண்டு கோஷ்டி உண்டு. ஒரு கோஷ்டி, "கோர்வேர்னு ஒரு ஆபத்தான காரை ரால்ஃப் நேடர் அம்பலப்படுத்தினார், அதனால்தான் உலகத்துக்கே கார் பாதுகாப்புச் சட்டம் வந்துச்சு" என்று சொல்லும். இன்னொரு கோஷ்டி, "அதெல்லாம் சும்மா சார், 1972-ல அமெரிக்க அரசாங்கமே சோதனை பண்ணிப் பார்த்துட்டு அந்தக் கார்ல விசேஷக் குறை ஒண்ணும் இல்லைன்னு அறிக்கை கொடுத்துட்டாங்க" என்று சொல்லும். எந்த யூடியூப் வீடியோவுக்குக் கீழே போய்ப் பார்த்தாலும் இந்தச் சண்டை நடந்துகொண்டிருக்கும்.

நேடரின் புத்தகம் 1965 நவம்பரில் வந்தது. பெயர் 'அன்சேஃப் அட் எனி ஸ்பீட்'. எந்த வேகத்தில் போனாலும் ஆபத்துதான் என்று பொருள். அதில் முதல் அத்தியாயம் மட்டும்தான் கோர்வேர் பற்றியது. மற்ற அத்தியாயங்கள் பிரேக், டேஷ்போர்டு, புகை, சாலை வடிவமைப்பு என்று வேறு வேறு விஷயங்களைப் பேசுகின்றன. ஆனால் அறுபது வருஷமாக எல்லோரும் பேசுவது அந்த ஒரே அத்தியாயத்தைத்தான்.

இந்தக் கட்டுரையில் அந்த அத்தியாயத்தை டயர் என்ற ஒரே ஒரு கோணத்தில் வாசித்துப் பார்க்கிறேன். என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நேடர் அதில் இரண்டு வாதங்களை ஒன்றாகப் பிசைந்து வைத்திருக்கிறார். ஒன்று, அவர் மிகைப்படுத்திய வாதம். 1972 அறிக்கை பதில் சொன்னது அதற்குத்தான். இன்னொன்று, முன் டயருக்கும் பின் டயருக்கும் உள்ள வித்தியாசத்தை நம்பி ஒரு காரை ஓடவிடலாமா என்ற வாதம். அதற்கு அந்த அறிக்கை பதில் சொல்லவே இல்லை. இன்றைக்கு மன்னார்புரத்தில் ஒரு டயர் கடைக்குப் போய் நின்றாலும் அதே கேள்வி நம் முன்னால் வந்து நிற்கிறது.

அந்தக் கார் என்ன கார்

கோர்வேர், ஜெனரல் மோட்டார்ஸின் செவ்ரோலே பிரிவு 1960 மாடலாகக் கொண்டுவந்த சின்னக் கார். சின்னது என்றால் அமெரிக்க அளவுக்குச் சின்னது. காற்றால் குளிரும் ஆறு சிலிண்டர் இன்ஜின் பின்னால் இருக்கும். ஃபோக்ஸ்வாகன் பீட்டிலுக்குப் போட்டியாக வந்தது. கொஞ்ச நாளில் மோன்ஸா என்ற இரண்டு கதவு மாடல் வந்து, இளவட்டங்கள் ஸ்போர்ட்ஸ் கார் மாதிரி ஓட்ட ஆரம்பித்தார்கள். 'ஏழைகளின் போர்ஷே' என்று செல்லப் பெயர்கூட உண்டு. நேடர் தன் அத்தியாயத் தலைப்பிலேயே அதை 'ஸ்போர்ட்டி' என்றுதான் குறிப்பிடுகிறார். 1969 வரை சுமார் 18 லட்சம் கார்கள் தயாராயின.

இன்ஜின் பின்னால் இருப்பதால் காரின் எடையில் ஏறக்குறைய 62 சதவீதம் பின் சக்கரங்கள் மேல், 38 சதவீதம் முன் சக்கரங்கள் மேல். 1960 முதல் 1963 வரை வந்த மாடல்களில் பின்பக்கம் 'ஸ்விங் ஆக்சில்' என்ற அமைப்பு. அதாவது சக்கரத்தைச் சுழற்றும் தண்டுக்கு உள்பக்கம், கியர் பெட்டியை ஒட்டி மட்டும்தான் மூட்டு. சக்கரத்துப் பக்கம் மூட்டு கிடையாது. சக்கரம் மேலே கீழே போகும்போது அதன் சாய்வும் சேர்ந்தே மாறும். வளைவில் வேகமாகத் திரும்பும்போது பின்பக்கம் தூக்கிக்கொண்டால், வெளிப்பக்கச் சக்கரம் காருக்கு அடியில் மடங்குகிற மாதிரி சாய்ந்துவிடும். அந்த நொடியில் பின் பிடிமானம் சட்டென்று குறையும்.

இந்தக் காருக்குக் கம்பெனி சொன்ன காற்று அளவுதான் என் தலைப்பு. முன்னால் 15 பிஎஸ்ஐ, பின்னால் 26 பிஎஸ்ஐ, டயர் சூடாகாத நிலையில். நம்ம ஊர் பங்கில் முன்னால் 15 வை என்று சொல்லிப் பாருங்கள். "டயர் பஞ்சர் சார்" என்பார்கள்.

ஏன் 15, ஏன் 26

இதைப் புரிந்துகொள்ள ஒரே ஒரு விஷயம் போதும். கார் வளைவில் திரும்பும்போது டயர் பார்க்கிற திசையும் அது உண்மையில் போகிற திசையும் ஒன்றாக இருக்காது. ரப்பர் வளைந்து கொடுப்பதால் இரண்டுக்கும் நடுவில் ஒரு சின்னக் கோணம் வரும். அதை ஸ்லிப் ஆங்கிள் என்பார்கள். தமிழில் நழுவு கோணம் என்று வைத்துக்கொள்ளலாம். வழுக்கினால்தான் இது வரும் என்றில்லை. சாதாரணமாக ரவுண்டானா சுற்றும்போதும் எல்லா டயரிலும் இருக்கும்.

முன் டயர்களின் நழுவு கோணம் பின் டயர்களைவிடப் பெரிதாக இருந்தால், நாம் ஸ்டியரிங்கில் கேட்ட அளவுக்குக் கார் திரும்பாது. கொஞ்சம் கூடத் திருப்ப வேண்டியிருக்கும். இது அண்டர்ஸ்டீர். பின் டயர்களின் கோணம் பெரிதாக இருந்தால், கேட்டதைவிடக் கூடுதலாகத் திரும்பும். வால் வெளியே போகப் பார்க்கும். இது ஓவர்ஸ்டீர். இந்த இரண்டையும் 1930-களில் அலசி ஒழுங்குபடுத்தியவர்களில் முக்கியமானவர் மாரிஸ் ஆலி. ரோல்ஸ் ராய்ஸில் இருந்துவிட்டு ஜெனரல் மோட்டார்ஸுக்கு வந்த பொறியாளர்.

சாதாரண டிரைவருக்கு எது பாதுகாப்பு? அண்டர்ஸ்டீர்தான். காரணம், பயத்தில் நாம் செய்கிற முதல் காரியம் ஆக்சிலரேட்டரில் இருந்து காலை எடுப்பது. முன் டயர் நழுவுகிற காரில் காலை எடுத்தால் வேகம் குறையும், எடை முன்னால் சாயும், முன் டயருக்குப் பிடிமானம் திரும்பக் கிடைக்கும். உள்ளுணர்வு சொன்னதே சரியான மருந்து. பின் டயர் நழுவுகிற காரில் அதே காரியத்தைச் செய்தால் எடை முன்னால் போய்ப் பின்பக்கம் இன்னும் லேசாகி, நழுவல் கூடும். உள்ளுணர்வே எதிரியாகிவிடும். ரேஸ் டிரைவர்கள் எதிர்ப்பக்கம் ஸ்டியரிங் திருப்பிச் சமாளிப்பார்கள். நம்மில் எத்தனை பேருக்கு அது வரும்?

இப்போது கோர்வேர் கணக்கு. நாலு டயரும் ஒரே மாதிரி இருந்து, பின்னால் 62 பங்கு எடை, முன்னால் 38 பங்கு எடை என்றால், வளைவில் பின் டயர்கள் தாங்க வேண்டிய பக்கவாட்டு விசை முன்னாலைவிட 1.6 மடங்கு. சுமை கூடினால் டயரின் விறைப்பும் கொஞ்சம் கூடும், ஆனால் அதே அளவுக்குக் கூடாது. ஆக பின் நழுவு கோணம்தான் பெரிதாகும். கார் ஓவர்ஸ்டீர் பக்கம் சாயும்.

இதைச் சரிபண்ண ஒரு குறுக்கு வழி உண்டு. முன் டயரின் பிடிமானத்தை வேண்டுமென்றே குறைத்துவிடுவது. காற்றைக் குறைத்தால் டயர் தொளதொளக்கும், நழுவு கோணம் பெருகும். கார் அண்டர்ஸ்டீர் மாதிரி நடந்துகொள்ளும். 15-க்கும் 26-க்கும் உள்ள வித்தியாசத்தின் வேலை இதுதான். பின்னால் குறைவதைக் கூட்ட முடியாததால், முன்னால் இருப்பதைக் குறைத்துச் சமன் செய்திருக்கிறார்கள். இன்ஜினியரிங் என்ற முறையில் இது தப்பில்லை. சாமர்த்தியமான தீர்வுதான். பின் இன்ஜின் வைத்த பீட்டில் போன்ற கார்களும் முன்னால் குறைவு, பின்னால் அதிகம் என்றுதான் ஓடின.

ஆனால் அந்தத் தீர்வு எங்கே குடியிருக்கிறது என்று பாருங்கள். இரும்பில் இல்லை, வடிவத்தில் இல்லை. காற்றில் இருக்கிறது. அதுவும், எல்லா காருக்கும் ஒரே அளவு அடித்துப் பழகிய பங்க் பையனின் கையில் இருக்கிறது. அவன் நல்லெண்ணத்தோடு "முன்னாடி காத்து ரொம்பக் கம்மியா இருக்கு" என்று நாலுக்கும் 26 வைத்துவிட்டால், காரின் சுபாவமே மாறிவிடும். ஓட்டுகிறவருக்கு அன்றைக்கு ஒன்றும் தெரியாது. சொல்லப்போனால் ஸ்டியரிங் லேசாகி, கார் இன்னும் நன்றாக ஓடுவது போலத் தோன்றும். என்றோ ஒரு நாள் ஒரு வளைவில்தான் தெரியும்.

நேடர் எழுதியது எப்படி

நேடர் வழக்கறிஞர். அத்தியாயமும் வழக்கறிஞர் எழுதுகிற மாதிரிதான் இருக்கிறது. கலிஃபோர்னியாவில் ஒரு பெண் கை இழந்த விபத்தோடு தொடங்குகிறார். அங்கிருந்து வடிவமைப்புக்குப் போகிறார், பிறகு கம்பெனிக்குள்ளே யாருக்கு என்ன தெரிந்திருந்தது என்பதற்குப் போகிறார். படிக்கத் தொடங்கினால் கீழே வைக்க மனசு வராது. ஆலி 1953-லேயே, பின் இன்ஜினும் ஸ்விங் ஆக்சிலும் சேர்ந்த கார்களைப் பற்றி எழுதிய கண்டனத்தை எடுத்துக் கம்பெனிக்கு எதிராகவே வைப்பது அத்தியாயத்தின் வலுவான இடம். எங்களுக்குத் தெரியாது என்று இனி சொல்ல முடியாதல்லவா?

பலவீனமும் அதே இடத்தில்தான். வழக்கறிஞருக்குத் தன் கட்சிக்காரரின் விபத்து போதும். ஆராய்ச்சிக்குப் போதாது. கோர்வேர் கவிழ்ந்த கதைகளை அடுக்குகிறார். ஆனால் அதே வருஷங்களில் அதே சாலைகளில் மற்ற கார்கள் எவ்வளவு கவிழ்ந்தன என்ற ஒப்பீடு அவர் வாதத்தின் மையத்தில் இல்லை. பகுதி இல்லாத பின்னம் மாதிரி. மேலே ஒரு எண், கீழே ஒன்றுமில்லை. ஸ்போர்ட்டி கார் என்று பெயர் வாங்கிய வண்டியை யார் வாங்குவார்கள், எப்படி ஓட்டுவார்கள் என்ற கேள்வியும் அங்கே போதுமான அளவு எழவில்லை.

இன்னொரு குறை, சாய்ந்து மடங்கும் சக்கரம், விட்டுப்போன முன் ஸ்டெபிலைசர் கம்பி, காற்று அளவு, கம்பெனியின் மௌனம் என நாலையும் ஒரே ஓட்டத்தில் சொல்வதால் வாசகர் மனதில் கடைசியில் தங்குவது 'ஆபத்தான கார்' என்ற ஒரு படம் மட்டுமே. இதில் எது வடிவமைப்புப் பிழை, எது பயன்பாட்டில் உடையக்கூடிய ஏற்பாடு என்ற பிரிவினை மங்கிவிடுகிறது. காற்று அளவு பற்றிய பகுதி அத்தியாயத்தில் நடுவில் எங்கேயோ கரைந்துபோகிறது. என்னைக் கேட்டால் அதுதான் அத்தியாயத்தின் தலைப்பாக வந்திருக்க வேண்டியது.

1972 அறிக்கை பதில் சொன்ன கேள்வி

புத்தகம் வந்த பிறகு நடந்தது சினிமாக் கதை. நேடரின் சொந்த வாழ்க்கையைத் துருவ ஜெனரல் மோட்டார்ஸ் துப்பறியும் ஆட்களை அமர்த்தியது. விஷயம் வெளியே வந்து, 1966 மார்ச்சில் கம்பெனித் தலைவர் ஜேம்ஸ் ரோச் செனட் குழு முன்னால் மன்னிப்புக் கேட்டார். அதே வருஷம் செப்டம்பரில் அமெரிக்க வாகனப் பாதுகாப்புச் சட்டம் கையெழுத்தானது. நேடர் போட்ட வழக்கு 1970-ல் 4,25,000 டாலருக்குச் சமரசமானது.

1972-ல், அந்தக் கார் தயாரிப்பே நின்று மூன்று வருஷம் கழித்து, அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்பு அமைப்பின் அறிக்கை வந்தது. 1960-63 கோர்வேரை ஃபோர்டு ஃபால்கன், பிளிமத் வேலியன்ட், ஃபோக்ஸ்வாகன் பீட்டில், ரெனோ டோஃபின் போன்ற சமகாலக் கார்களோடு வைத்துப் பார்த்தார்கள். முடிவு, கட்டுப்பாடு இழப்பதிலோ கவிழ்வதிலோ கோர்வேருக்கு அசாதாரணமான ஆபத்து இல்லை, சமகாலக் கார்கள் சிலவற்றுக்கு அது குறைந்ததும் இல்லை.

நேடர் எதிர்ப்பாளர்கள் இதை வைத்துத்தான் வழக்கு முடிந்தது என்கிறார்கள். முடியவில்லை. 'மற்றதைவிட மோசமா?' என்ற கேள்விக்கு 'இல்லை' என்று பதில் வந்திருக்கிறது, அவ்வளவுதான். ஒப்பிட்ட பட்டியலைப் பாருங்கள். பீட்டிலும் டோஃபினும் பின் இன்ஜின், ஸ்விங் ஆக்சில் கார்கள். அதே நோய் உள்ள இருவரைப் பக்கத்தில் நிறுத்தி, இவருக்கு அவர்களைவிட அதிகக் காய்ச்சல் இல்லை என்று சொன்னால் அது உண்மைதான். ஆனால் காய்ச்சலே இல்லை என்று ஆகாது.

நேடரை மறுக்கிற அளவுக்கு அந்த அறிக்கை பயன்படும். அவர் ஒற்றைக் காரைத் தனியாகப் பிரித்துக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றியது அநியாயம் என்று சொல்லலாம். ஆனால் அவருடைய இன்னொரு கேள்வி அப்படியே நிற்கிறது. ஒரு காரின் பாதுகாப்பு, வாங்கியவரும் காற்று அடிப்பவரும் ஒரு விநோதமான எண்ணை மறக்காமல் காப்பாற்றுவதில் தொங்கலாமா?

நான் படித்தது பி.இ., பிழைப்பது மென்பொருளில். எங்கள் தொழிலில் இதற்கு நேரான ஒரு வியாதி உண்டு. புரோகிராம் ஒழுங்காக ஓட இரண்டு எண்கள் இந்த விகிதத்தில்தான் இருக்க வேண்டும் என்றால், அதைக் கோடிலேயே கட்டாயப்படுத்த வேண்டும். அப்படிச் செய்யாமல் 'கையேடு பக்கம் 40 பார்க்க' என்று எழுதி வைத்தால், ஆறு மாதத்தில் யாரோ ஒரு புதுப் பையன் இரண்டையும் சமமாக்கிவிடுவான். அவன் மேல் தப்பில்லை. சமமாக இருப்பதுதானே பார்வைக்கு ஒழுங்கு? காற்று விஷயமும் அதேதான். நாலு சக்கரத்திலும் ஒரே எண் என்பதுதான் மனித இயல்பு.

வித்தியாசத்தை ரப்பரிலேயே எழுதுவது

பின்னால் வந்தவர்கள் இந்தப் பாடத்தைக் கற்றுக்கொண்டார்கள். வித்தியாசத்தைக் காற்றில் வைக்காமல் டயர் சைஸிலேயே வைத்தார்கள். போர்ஷே 911-க்கும் இன்ஜின் பின்னால்தான். ஆரம்ப வருஷங்களில் வால் வெளியே போகிறது என்று புகார் வந்தபோது முன் பம்பருக்குள் எடைக்கட்டிகளைக்கூட வைத்துப் பார்த்தார்கள். 1969 மாடலில் முன் பின் சக்கரங்களுக்கு இடையிலான தூரத்தை 57 மில்லிமீட்டர் கூட்டினார்கள். 1973 மாடலான கரெரா ஆர்.எஸ். 2.7-ல் முன்னால் 185, பின்னால் 215 அகல டயர் வந்தது. இன்றைய 992 கரெராவில் முன்னால் 235, பின்னால் 295. ரிம் அளவே வேறு, முன்னால் 19 அங்குலம், பின்னால் 20. மாற்றிப் போடவே முடியாது.

நம்ம நாட்டிலும் இதற்கு ஒரு உதாரணம் இருக்கிறது. அதை யாரும் ஸ்போர்ட்ஸ் கார்களோடு சேர்த்துப் பேசுவதில்லை. டாடா நானோ. 2009-ல் வந்த, 624 சிசி இன்ஜினைப் பின்னால் வைத்த, ஒரு லட்ச ரூபாய்க் கார். அதன் முன் டயர் 135/70 ஆர்12, பின் டயர் 155/65 ஆர்12. ஒவ்வொரு ரூபாயையும் எண்ணி எண்ணிச் செலவழித்த கார் அது. ஆரம்ப மாடலில் சக்கரத்துக்கு மூணே நட்டு, ஒரே ஒரு வைப்பர். அப்படிப்பட்ட காரில் எதற்கு இரண்டு சைஸ் டயர்? ஒரே சைஸ் என்றால் கம்பெனிக்கும் கடைக்காரருக்கும் எவ்வளவு சுலபம்? 'காசை மிச்சம் பிடிக்க முன்னாடி சின்ன டயர் போட்டுட்டாங்க' என்று சிலர் கேலி செய்ததைக் கேட்டிருக்கிறேன். பின் இன்ஜின் காரைப் பொறுத்தவரை அந்த வித்தியாசம்தான் பாதுகாப்பு ஏற்பாடு. கோர்வேர் காற்றில் எழுதியதை நானோ ரப்பரில் எழுதியது. இந்த ஒரு விஷயத்தில் 1960-ன் அமெரிக்கக் காரைவிட நம்ம ஒரு லட்ச ரூபாய்க் கார் முன்னேறியிருக்கிறது என்று தாராளமாகச் சொல்லலாம்.

ஆனால் ரப்பரில் எழுதியதையும் அழிக்க முடியும். இன்றைக்கு ஓடுகிற நானோ எல்லாமே பழைய வண்டிகள். டயர் மாற்றும்போது "முன்னாடியும் 155 போட்டுக்கலாம், பார்க்க நல்லா இருக்கும், பிடிமானமும் கூடும்" என்று யாராவது சொன்னால் என்ன ஆகும்? பிடிமானம் கூடும், உண்மைதான். முன்னால் மட்டும் கூடும். வளைவில் முன்பக்கம் நன்றாகக் கவ்விக்கொள்ள, பின்பக்கம் பழையபடியே நழுவத் தயாராக இருக்கும். டயர் நல்லதாகி, கார் மோசமாகிவிட்டது. இந்த விஷயத்தில் நம் பொதுப்புத்திக்கு எட்டாத இடம் இதுதான். ஒவ்வொரு டயரும் தனித்தனியாக எவ்வளவு நல்லது என்பதோடு, முன்னாலும் பின்னாலும் உள்ள உறவு என்ன என்பதையும் பார்க்க வேண்டும்.

விலை உயர்ந்த ஸ்போர்ட்ஸ் கார்களிலும் இதே கதைதான். பின் டயர்தான் சீக்கிரம் தேயும். தேய்ந்த இரண்டை மட்டும், கிடைத்த பிராண்டில் மாற்றுவார்கள். சைஸ் சரியாக இருக்கும். ஆனால் முன்னால் ஒரு ரப்பர் கலவை, பின்னால் வேறு கலவை. முன்னால் மெத்தென்ற பக்கச்சுவர், பின்னால் விறைப்பு, அல்லது தலைகீழ். போர்ஷே, தான் சோதித்து ஒப்புக்கொண்ட டயர்களின் பக்கச்சுவரில் 'என்' என்ற எழுத்தும் ஒரு எண்ணும் போடச் சொல்வதற்கும், கலந்து போடாதே என்று சொல்வதற்கும் காரணம் இதுதான். வியாபாரத் தந்திரம் என்று பலர் நினைக்கிறார்கள். அதுவும் கொஞ்சம் இருக்கலாம். ஆனால் அடியில் உள்ள இயற்பியல் பொய்யில்லை.

மன்னார்புரம் கணக்கு

"எங்கிட்ட போர்ஷேயும் இல்ல, நானோவும் இல்ல, எனக்கெதுக்கு இது?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயம்தான். நம் வீடுகளில் நிற்பதில் பெரும்பாலானவை முன் சக்கரத்தால் இழுக்கப்படும் கார்கள். நாலும் ஒரே சைஸ். ஆனால் இரண்டு புது டயர் மட்டும் வாங்குகிற நாளில், நாமும் முன் பின் வித்தியாசம் உள்ள காரைச் செய்துகொண்டுதான் வீடு திரும்புகிறோம்.

மன்னார்புரத்தில் ஒரு டயர் கடையில் இதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். கடைக்காரர் இருபது வருஷ அனுபவம் உள்ளவர்.

"ரெண்டு டயர்தான்னா எங்கண்ணே போடுவீங்க?"

"முன்னாடிதான் சார். ஸ்டியரிங் முன்னாடி, பிரேக் முன்னாடி, இழுக்கிறதும் முன்னாடி. முன்னாடி டயர் வெடிச்சா வண்டியப் புடிக்க முடியுமா?"

"பின்னாடி வழுக்கினா புடிக்க முடியுமாண்ணே?"

கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார், "அது கஷ்டம்தான் சார். ஆனா கஸ்டமர் யாரும் அதக் கேக்க மாட்டாங்க. பின்னாடி போட்டா, நல்ல டயர வீணடிக்கிறீங்கன்னு சண்டைக்கு வருவாங்க."

அவர் சொன்ன காரணங்கள் எதுவும் முட்டாள்தனம் இல்லை. வெயிலில் காய்ந்த சாலைக்கு அவை பொருந்தும். ஐப்பசி, கார்த்திகை மழையில்தான் கணக்கு மாறும். புது டயரில் பட்டன் ஆழம் ஏழெட்டு மில்லிமீட்டர் இருக்கும். தேய்ந்ததில் இரண்டோ மூன்றோதான். தேங்கிய தண்ணீரில் டயர் மிதக்காமல் இருக்க, பட்டன் பள்ளங்கள் வழியாகத் தண்ணீர் வெளியேற வேண்டும். புதுசு முன்னால் என்றால், விராலிமலை தாண்டி மதுரை ரோட்டில் 90-ல் போகும்போது தண்ணீர் தேங்கிய வளைவில் முன் டயர் பிடித்துக்கொள்ளும், பின் டயர் மிதக்கும். அண்டர்ஸ்டீர் காராகக் கம்பெனி செய்து கொடுத்ததை நாமே ஓவர்ஸ்டீர் காராக மாற்றியிருப்போம். அதுவும் எச்சரிக்கை இல்லாமல். முன் டயர் நன்றாகப் பிடிப்பதால் ஸ்டியரிங்கில் கை வைத்திருக்கிற நமக்கு எல்லாம் சரி என்றே சேதி வரும். மிஷெலின் உட்படப் பெரிய டயர் கம்பெனிகள், முன் சக்கர டிரைவ் காராக இருந்தாலும் புது ஜோடியைப் பின்னால் போடு என்று சொல்வதற்குக் காரணம் இதுதான்.

முன்பு ரேடியல் டயரும் பழைய கிராஸ்பிளை டயரும் கலந்து ஓடிய காலத்தில் ஒரு விதி இருந்தது. ஒரே ஆக்சிலில் கலக்காதே, கலந்தே ஆக வேண்டுமென்றால் ரேடியலைப் பின்னால் போடு. பக்கவாட்டில் அதிகம் பிடிக்கிற டயர் பின்னால் இருக்க வேண்டும் என்ற அதே நியாயம்தான்.

இப்போதுதான் சென்சார் இருக்கிறதே?

காற்று குறைந்தால் விளக்கு எரியும் சென்சார், நழுவினால் பிரேக்கைத் தானே பிடிக்கும் மின்னணு ஏற்பாடு எல்லாம் வந்துவிட்டன. பிறகு நேடரின் பழைய கேள்வி எதற்கு என்று தோன்றலாம்.

சென்சார் வந்த கதையே அந்தக் கேள்வியின் இரண்டாம் பாகம். 2000-ல் ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர் வண்டிகளில் ஃபயர்ஸ்டோன் டயர்கள் பிய்ந்து வண்டிகள் கவிழ்ந்தன. 65 லட்சம் டயர்களைத் திரும்பப் பெறுவதாக அறிவிப்பு வந்தது. அந்த வண்டிக்கு ஃபோர்டு பரிந்துரைத்த காற்று 26 பிஎஸ்ஐ. டயர் கம்பெனி பிறகு 30 வேண்டும் என்றது. வண்டியின் சுபாவத்தைக் காற்றைக் குறைத்துச் சரிக்கட்டும் பழக்கம் 1960-களோடு போகவில்லை என்பது தெரிந்தது. அந்த ஆண்டே வந்த சட்டத்தின் தொடர்ச்சியாகத்தான் அமெரிக்காவில் காற்று சென்சார் கட்டாயமானது.

ஆனால் அந்த விதிப்படி சென்சார் எதைப் பார்க்கிறது? சொன்ன அளவைவிட 25 சதவீதம் குறைந்தால் எச்சரிக்கும். கூடினால் எச்சரிக்க வேண்டியதில்லை. கோர்வேரில் அப்படி ஒரு சென்சார் வைத்திருந்து, பங்க் பையன் முன்னால் 15-க்குப் பதில் 26 வைத்தால் விளக்கு எரியாது. எல்லாம் நலம் என்று சொல்லும். முன்னால் புது டயர், பின்னால் மொட்டை டயர் என்பதையும் அது கண்டுகொள்ளாது. நழுவலைத் தடுக்கும் மின்னணுவியலும் இருக்கிற பிடிமானத்தைப் பங்கிட்டுத் தரும், இல்லாத பிடிமானத்தை உண்டாக்காது. ஒவ்வொரு சக்கரத்தையும் தனித்தனியாகக் காவல் காக்கிறோம். முன்னுக்கும் பின்னுக்கும் உள்ள உறவைக் காக்க இன்னும் மனிதர்தான் வேண்டியிருக்கிறது.

என் தீர்ப்பு

நேடரின் அத்தியாயத்தை ஒரு காரின் மேல் போட்ட குற்றப்பத்திரிகையாகப் படித்தால் அது பாதிதான் நிற்கும். 1972 அறிக்கை மறு பாதியைச் சரியாகவே தட்டிவிட்டது. 'மறைவாக மனிதர் மேல் ஏற்றிவிட்ட பொறுப்பு' பற்றிய கட்டுரையாகப் படித்தால் இன்றைக்கும் முழுசாக நிற்கும். அவர் அதைத் தனியாகப் பிரித்து எழுதியிருந்தால், 'கோர்வேர் நல்ல காரா கெட்ட காரா' என்ற பயனில்லாத பட்டிமன்றத்தில் அறுபது வருஷம் போயிருக்காது. அந்த வகையில் தன் சிறந்த வாதத்தைத் தானே புதைத்த அத்தியாயம் அது. ஆனாலும் படியுங்கள். ஒரு தொழில்நுட்பக் குறையைச் சாதாரண வாசகர் பதறும்படி எழுத முடியும் என்பதற்கு அதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

வண்டி வைத்திருப்பவர்களுக்குக் கடைசியாக நாலு காரியம். டிரைவர் கதவைத் திறந்தால் ஓரத்தில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் முன்னால் எவ்வளவு, பின்னால் எவ்வளவு என்று பாருங்கள். இரண்டும் வேறாக இருந்தால் பங்கில் வாய்விட்டுச் சொல்லுங்கள். டயர் பக்கச்சுவரில் நாலு இலக்க எண் இருக்கும், 2319 என்றால் 2019-ம் வருஷம் 23-வது வாரம் தயாரானது. முன் ஜோடிக்கும் பின் ஜோடிக்கும் எத்தனை வருஷ வித்தியாசம் என்று பாருங்கள். பட்டன் பள்ளத்துக்குள் 1.6 மில்லிமீட்டர் உயரத்தில் சின்னக் கட்டைகள் இருக்கும், பின் டயரில் அதைத் தொட்டுவிட்டதா என்று குனிந்து பாருங்கள். நாம் தினமும் பார்ப்பது முன் டயரைத்தான். பின் டயரை யாரும் பார்ப்பதில்லை. இரண்டு புதுசு வாங்கினால் பின்னால் போடச் சொல்லுங்கள். கடைக்காரர் மறுத்துப் பேசினால் கோபப்பட வேண்டாம். மழை பெய்யும்போது என்ன ஆகும் என்று மட்டும் கேளுங்கள்.